குதிரை காலை இழுத்தால் சுளுக்குதானா?



நம்ம உக்கடத்துல ஒரு குதிரை வந்தால் எல்லாரும் நின்னு வேடிக்கை பார்ப்போம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் நடக்கும் குதிரைச் சந்தையையும் பலர் பார்த்திருப்பீங்க. ஆனால் குதிரை பின்னங்காலை இழுத்து நடந்தால் என்ன சொல்றோம்? "சுளுக்கு", "வாதம்", இல்லேன்னா "கண்ணு பட்டிருச்சு". குதிரை வண்டி ஓட்டிய எங்க தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். எண்ணெய் தேய்ச்சு நாலு நாள் பார்ப்பாங்களாம். அந்த நாலு நாள்தான் ஆபத்து! ஏன்னா, அது நரம்பைத் தாக்கும் புழுவாகவும் இருக்கலாம்.

இந்த நோய்க்குப் பெயர் கும்ரி. இந்தியில் 'கமர்' என்றால் இடுப்பு.

புழு எங்கிருந்து வருது?

செட்டேரியா டிஜிடாட்டா என்ற வெள்ளை நூல் போன்ற புழு, மாடு எருமைகளின் வயிற்றறையில், குடலுக்கு வெளியே வாழ்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. அதன் குட்டிகள் மாட்டின் ரத்தத்தில் இருக்கும். கொசு அந்த ரத்தத்தைக் குடிக்கும்போது குட்டிகளும் கொசுவுக்குள் போய், சுமார் 2 வாரத்தில் வளரும். அதே கொசு குதிரையையோ ஆட்டையோ கடித்தால், புழு வழி தவறி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்விடும். ஆசிய நாடுகளில் பரவிய இந்த நோய்க்கு இப்புழுதான் காரணம் என்று 1952-ல் இன்னஸ், ஷோஹோ, பெருமாள் பிள்ளை ஆகிய மூவரும் விளக்கி எழுதினார்கள்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

1. முதலில் குளம்பில் கல், ஆணி, சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார். வலி இருந்தால் அது நொண்டி. நரம்பு நோயில் வலி தெரியாது. தன் கால் எங்கே இருக்குன்னே குதிரைக்குத் தெரியாது.

2. சின்ன வட்டமாகச் சுற்ற வைப்பார், பின்னால் நடக்க வைப்பார். நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுப்பார். நல்ல குதிரை எதிர்த்து நிற்கும். நோயுள்ள குதிரை தள்ளாடும்.

3. தண்டுவட நீரை ஊசியால் எடுத்து, அதில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கா என்று பார்ப்பதும் உண்டு.

"ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது! குதிரை உடம்பில் இந்தப் புழு பெரும்பாலும் முழுசா வளராது, ரத்தத்தில் குட்டி விடாது. அதனால் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், நோயில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் 'சர்ரா' என்ற வேறொரு நோயின் கிருமி ரத்தத்தில் தெரியும். 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் அதைக் கண்டுபிடித்தது குதிரை, ஒட்டக ரத்தத்தில்தான். அதனால் சர்ரா இல்லை என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை தேவை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துத்தான் கும்ரி என்ற முடிவுக்கு வருகிறார்கள். புழுவையே நேரில் பார்ப்பது பெரும்பாலும் குதிரை இறந்த பிறகு, மைக்ராஸ்கோப்பில்தான். ஆச்சரியம் என்னன்னா, இதே புழு சில சமயம் குதிரையின் கண்ணுக்குள் போய்விடும். அங்கே அது நெளிவதை நாமே பார்க்கலாம்!

எச்சரிக்கை: வெறிநோயும் பின்னங்கால் தளர்ச்சியில் தொடங்கலாம். தள்ளாடும் குதிரையின் வாயில் யாரும் கை வைக்காதீங்க!

மருந்து உண்டா?

உண்டு. யானைக்கால் நோய்க்கு மக்களுக்குக் கொடுக்கும் டி.இ.சி. மருந்தையே இதற்கும் கொடுக்கிறார்கள். அளவை மருத்துவர்தான் சொல்லணும். ஆனால் மருந்து புழுவைக் கொல்லுமே தவிர, செத்துப்போன நரம்பை மீட்டுத் தராது. சீக்கிரம் ஆரம்பித்தால்தான் குதிரை பிழைக்கும், அதை நம்பியிருக்கும் குடும்பமும் பிழைக்கும்.

எனவே நண்பர்களே, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிக் குதிரையைக் கட்ட வேண்டாம். தண்ணீர் தேங்க விட வேண்டாம். குதிரை காலை இழுத்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல், அன்னிக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு