பாதாளக் கணக்கு – 11: அடிப்பாறை இறங்கிய இடம்

திற்பரப்பு அருவிக்கு மேலே கோதையாற்றுப் படுகை ஏறத்தாழ கால் கிலோமீட்டருக்கு ஒரே பாறை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் மூன்றாவது கோயிலாக இங்கே வந்து மூச்சு வாங்கும்போது, அவர்கள் காலடியில் இருப்பது பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான கல். இங்கே துளை போட்டால் எண்ணெய் வருமா என்று கேட்டால் பதில் சுருக்கம்: வராது. எண்ணெய் உண்டாக உயிரெச்சம் புதைந்த வண்டல் வேண்டும். இந்தக் கல்லில் அது கிடையாது.

ஆனால் இதே இனத்துக் கல்தான் நாகப்பட்டினத்து வயல்களுக்குக் கீழேயும் கிடக்கிறது, சில கிலோமீட்டர் ஆழத்தில். ஏறக்குறைய பதின்மூன்று, பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா உடைந்தபோது கிழக்குக் கரை இழுபட்டது. அடிப்பாறை பிளந்து துண்டு துண்டாகச் சரிந்தது. சரிந்தவை பள்ளங்களாயின, சரியாமல் நின்றவை முகடுகளாயின. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பள்ளங்களுக்குப் பெயர்கள் உண்டு. இடையில் கும்பகோணம்–மாதானம்–பரங்கிப்பேட்டை முகடு, தெற்கே பட்டுக்கோட்டை–மன்னார்குடி–காரைக்கால் முகடு. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே சமவெளி. காரைக்காலில் 1964-இல் முதல் கிணறு தோண்டிய எண்ணெய் எரிவாயுக் கழகத்துக்கு, நரிமணத்தில் எண்ணெய் கிடைக்க 1985 வரை ஆனது.

எண்ணெய் தேடுகிறவர்கள் இந்தப் பிளவுகளைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. பள்ளத்து வண்டலில் உருவான எண்ணெய் மணற்கல் அடுக்கு வழியாக மேல்நோக்கி நகரும். வழியில் ஒரு பிளவு அடுக்கை வெட்டி, எதிரே களிமண் அடுக்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் எண்ணெய் அங்கே தங்கும். எதிரே மணற்கல்லே வந்து நின்றால் அது போய்க்கொண்டே இருக்கும். பிளவின் ஒரு பக்கம் முப்பது நாற்பது மீட்டர் இறங்கியிருந்தால் போதும், ஒரு வயல் பலிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்க.

இந்த இறக்கத்தை எப்படிக் காண்பது? துளையில் சிறிய வெடி வைத்து, வரிசையாக நட்ட ஜியோபோன் என்ற அதிர்வு உணரிகளில் எதிரொலியைப் பிடிப்பார்கள். கிடைப்பது நேரம், ஆழமல்ல. எதிரொலி போய்வர இரண்டு விநாடி என்றால், அலையின் வேகம் விநாடிக்கு 2,500 மீட்டராக இருந்தால் ஆழம் 2,500 மீட்டர். வேகம் 3,000 என்று வைத்தால் 3,000 மீட்டர். ஒரே பதிவிலிருந்து அரை கிலோமீட்டர் வித்தியாசம்! பிளவின் ஒரு பக்கம் வேகமான கல், மறுபக்கம் மெதுவான வண்டல் என்றால் கூத்து இன்னும் கூடும். தெளிந்த குளத்தில் படி மேலே எழுந்து தெரிவதுபோல, பிளவுக்குக் கீழே இல்லாத மேடு ஒன்று படத்தில் எழும். அந்தப் பொய்மேட்டை நம்பித் துளை போட்டால் பல கோடி ரூபாய் போச்சு.

ஆகவேதான் மாதிரியாக்கம். பிளவு இந்த இடத்தில், இந்தச் சாய்வில், இவ்வளவு இறக்கத்தோடு இருக்கிறது என்று கணினியில் ஒரு கற்பனை நிலத்தைக் கட்டுவார்கள். அதற்குள் அலையை ஓடவிட்டு, வரவேண்டிய பதிவைக் கணக்கிட்டு, களத்தில் வந்த பதிவோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் நிலத்தைத் திருத்தி மறுபடி ஓட்டுவார்கள். இதிலும் தொல்லை உண்டு: வெவ்வேறு நிலங்கள் ஏறக்குறைய ஒரே பதிவைத் தரலாம். போதாததற்கு, 3,000 மீட்டர் வேகத்தில் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்குக் குறைந்த இறக்கம் பெரும்பாலும் கண்ணில் படாது. வண்ண வண்ணமாக அச்சிட்ட நிலத்தடிப் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த 25 மீட்டரை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் சொன்ன "வராது" என்பதற்கு ஒரு திருத்தம் இருக்கிறது. மாதானம் முகட்டில் அடிப்பாறையின் விரிசல்களிலிருந்தே எண்ணெய் கிடைத்திருக்கிறது. கல் அதை உண்டாக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்து வண்டலிலிருந்து வந்து விரிசலில் தங்கியது. திற்பரப்புப் பாறைக்கு அப்படி ஒரு பள்ளம் பக்கத்தில் இல்லை.

கடலுக்குள் கதை வேறு. மன்னார்ப் படுகையில் இலங்கைப் பக்கம் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயு கண்டது. நம் பக்கம், எண்ணெய்த் தேடல் உரிமைக்கான ஒன்பதாவது சுற்று ஏலத்தில் குமரி ஆழ்கடலில் மூன்று வட்டாரங்கள், மொத்தம் சுமார் 27,154 சதுர கிலோமீட்டர், ஏலத்துக்கு விடப்பட்டன, மீனவர்கள் எதிர்க்கிறார்கள். துளைக்கு முன்னால் வருவது ஆய்வுக் கப்பல்தான். காற்றுத் துப்பாக்கிகளை வெடித்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் நீளமான கேபிள்களை இழுத்தபடி அது போகும். தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் படகுகளின் வலையும் தூண்டிலும் கிடக்கிற கடலிலும் அது வரலாம். மீனவர்களே, கப்பல் எந்த மாதம், எந்தக் கோட்டில் போகும், வலை சேதமானால் யார் பொறுப்பு என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே தமிழில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.