பொன்முடி வரையாட்டுக்கு ஏற இனி மலை இல்லை

தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறும் நம்மவர்கள், நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து உச்சிக்குப் போகிறார்கள். மூடுபனியைப் பார்த்து, கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அருகிலுள்ள ஒரு முடிக்கு வரையாட்டுமுடி என்று பெயர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

'வரை' என்றால் மலை. செங்குத்துப் பாறையில் குட்டியுடன் அநாயாசமாக ஓடும் இந்த ஆடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. கேரளம், தமிழ்நாடு இரண்டின் மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. குளிர்ந்த மலைமேட்டுப் புல்வெளியே இதற்கு வீடு, உணவு எல்லாம்.

உலகின் சீதோஷ்ணம் மாறுவதால் துருவப் பிரதேசத்து ஜீவராசிகள் படும் பாட்டைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். வடதுருவத்து வெள்ளைக் கரடி கடல் பனிக்கட்டி மீது நின்றுதான் சீல் பிடிக்கிறது. பனி உருகினால் பட்டினி. 2022 இறுதியில் தென்துருவத்தின் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்தது. அங்கிருந்த ஐந்து எம்பரர் பென்குயின் கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் தப்பவில்லை என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

நம் வரையாட்டின் கஷ்டமும் இதே ஜாதிதான். கீழே வெப்பம் கூடினால் குளிரைத் தேடும் பிராணி மேலே ஏறும். ஆனால் இப்பகுதியிலேயே உயர்ந்த அகஸ்தியர்கூடம் 1,868 மீட்டர்தான். மூணாறுப் பக்கத்து ஆனைமுடியோ 2,695 மீட்டர். இங்குள்ள ஆடு உச்சிக்குப் போன பிறகு எங்கே போவது? அடுத்த மலைக்குப் போகலாமென்றால் நடுவில் ரோடு, தோட்டம், அணை. சிறு மந்தைகள் ஒன்றோடொன்று கலக்க வழியில்லை. போதாக்குறைக்கு, புல்வெளிகளில் சீகை போன்ற அந்நிய மரங்களும் புகுந்துவிட்டன.

2018ல் வெளியான ஓர் ஆய்வு, 2030களிலிருந்து வரையாட்டின் வாழிடத்தில் சுமார் 60 சதவீதம் வரை பறிபோகக்கூடும் என்று கணித்தது. இரவிகுளம், சின்னாறு, பரம்பிக்குளம் ஓரளவு தாக்குப்பிடிக்குமாம். பெரிதும் பாதிக்கப்படும் இடங்களாகச் சொல்லப்பட்டவற்றில் திருநெல்வேலி மலைகளும் உண்டு. அதாவது, நம் அகஸ்தியர் மலையின் மறுபக்கம்.

வரையாட்டுக்கென்றே ஒரு திட்டத்தைத் தமிழக அரசு 2022ல் அறிவித்து, 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 ஆடுகள் இருப்பதாகத் தெரிய வந்தது. 2025 ஏப்ரலில் இரு மாநில வனத்துறையினரும் ஒரே நாட்களில் மலையேறி எண்ணினார்கள். காரணம் உண்டு. இன்று முண்டந்துறைப் பக்கம் மேயும் மந்தை நாளை எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். தனித்தனியே எண்ணினால் ஒரே ஆடு இரண்டு மாநிலக் கணக்கிலும் ஏறிவிடும்.