ஒளியைக் கண்டவனுக்கு என்ன கூலி?

விஞ்ஞானத்தின் பெருமையைப் பேசாத தேசபக்தர் நம்மிடையே இல்லை. ஆயின், மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவன் உலகத்துக்குப் புதியதொரு பொருளைக் கண்டு கொடுப்பானாயின், அதன் பலனில் அவனுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று கேட்டால், நம்மில் பலர் மௌனம் சாதிப்பர். இனி அந்த மௌனம் உதவாது. குறைகடத்தித் தொழிலை இந்நாட்டில் நிலைநாட்டுவதற்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு 2021 டிசம்பரில் இந்திய ஸர்க்கார் அனுமதி அளித்தது. கட்டடத்துக்கும் யந்திரத்துக்கும் பணம் உண்டு. மூளையைக் கொடுப்பவனுக்கு என்ன உண்டு என்பதே நமது கேள்வி. ஜப்பானில் நடந்த ஒரு வழக்கு இவ்விஷயத்தில் நாம் ஆராயத் தக்கது.

வழக்கின் பொருள், இன்று குடிசையிலும் மாளிகையிலும் எரியும் எல்.இ.டி. விளக்கே. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் மூலம் மாத்திரம் இந்நாட்டில் 36 கோடிக்கு மேற்பட்ட இவ்விளக்குகள் வழங்கப்பட்டுள்ளன. இதனுள் இழையும் இல்லை, தீயும் இல்லை. மின்சாரத்தை உலோகத்தைப் போல் தாராளமாகவும் விடாமல், கண்ணாடியைப் போல் அடியோடு தடுக்கவும் செய்யாத படிகமே குறைகடத்தி. அதன் ஒரு பக்கத்தில் எலெக்ட்ரான்கள் மிகுதியாகவும், மறு பக்கத்தில் அவற்றுக்குரிய இடங்கள் காலியாகவும் இருக்குமாறு அமைத்து மின்சாரத்தைச் செலுத்தினால், எல்லையில் இரண்டும் கூடும். அப்போது எலெக்ட்ரான் இழக்கும் சக்தி ஒளியாக வெளிப்படும். அவ்வொளியையே எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கிடையில் மீண்டும் மீண்டும் பாயவிட்டுப் பெருக்கினால் லேஸர் ஆகும். மாறாக, வெளியிலிருந்து ஒளி அவ்வெல்லையில் விழுந்தால் மின்சாரம் பிறக்கும். அதுவே ஒளியுணர் கருவி.

ஒளியின் நிறம் படிகத்தின் இயல்பைப் பொறுத்தது. 1962ல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு ஒளியைப் பெற்றார். பச்சையும் பின்னர் வந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் எட்டாமலே நின்றது. நீலம் இல்லையேல் வெள்ளொளி இல்லை. வெள்ளொளி இல்லையேல் வீட்டுக்கு விளக்கு இல்லை. காலியம் நைட்ரைடு என்னும் பொருள் இதற்கு உகந்ததென்று அறிந்திருந்தும், பழுதற்ற படிகமாக அதை வளர்க்க முடியாமல் பெரிய ஆராய்ச்சிச் சாலைகள் பல அதைக் கைவிட்டன.

கைவிடாதவர் சிலரே. நகோயா ஸர்வகலாசாலையில் பேராசிரியர் இஸாமு அகாஸாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும், ஸபையர் கல்லின் மேல் அலுமினியம் நைட்ரைடுப் படலம் ஒன்றைப் பரப்பி, 1986ல் நல்ல படிகத்தை வளர்த்தனர். எலெக்ட்ரான் பற்றாக்குறையுள்ள பக்கத்தை இப்பொருளில் அமைக்க இயலாது என்றிருந்த நிலையையும் 1989ல் மாற்றினர். ஷிகோகு தீவின் அனான் என்னும் சிற்றூரில் நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனி இருக்கிறது. அங்கே 1979ல் வேலைக்கு அமர்ந்தவர் ஷுஜி நகாமுரா. 1988ல் கம்பெனியின் ஸ்தாபகர் நோபுவோ ஒகாவா அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கிப் பல கோடி யென் செலவிட முன்வந்தார்; ஓராண்டு அமெரிக்காவுக்கும் அனுப்பினார். திரும்பி வந்த நகாமுரா, வாயுவை ஒரு பக்கமாகச் செலுத்துவதோடு மேலிருந்தும் வேறொரு வாயுவைச் செலுத்தி அழுத்தும் புதிய முறையை 1990ல் வகுத்தார். 1993 நவம்பரில் பிரகாசமான நீல விளக்கை நிச்சியா வெளியிட்டது. நீல ஒளியை மஞ்சள் ஒளிர்பொருளோடு சேர்த்து வெள்ளொளி தரும் விளக்கு 1996ல் அக்கம்பெனியிலிருந்தே விற்பனைக்கு வந்தது. மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இருவழி வாயு முறையின் பேடெண்டு கம்பெனியின் பெயரில் பதிவாயிற்று. அதற்காக நகாமுராவுக்குக் கிடைத்த சன்மானம் 20,000 யென். சில நாள் உணவுச் செலவுக்குக் காணும்! 1999 இறுதியில் வேலையை விட்டு அமெரிக்கா சென்ற அவர், 2001 ஆகஸ்டில் டோக்கியோ ஜில்லா நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தார். பேடெண்டே தம்முடையது என்ற வாதத்தை நியாயஸ்தலம் 2002ல் நிராகரித்தது. ஆனால், ஊழியனின் கண்டுபிடிப்பை எஜமானன் பெற்றுக்கொண்டால் தக்க பிரதிபலன் தரவேண்டும் என்பது ஜப்பானியப் பேடெண்டுச் சட்டத்தின் 35வது பிரிவு. அதன்படி 2004 ஜனவரி 30ந் தேதி பிறந்த தீர்ப்பு உலகத்தையே திகைக்க வைத்தது. சிறிய கம்பெனியில், குறைந்த வசதிகளுக்கிடையே, தமது தனித்திறமையாலேயே நகாமுரா இதைச் சாதித்தார் என்றும், பலனில் பாதிக்குக் குறையாமல் அவரைச் சேரும் என்றும் நியாயஸ்தலம் கண்டது. அவர் பங்கு சுமார் 6,040 கோடி யென் என மதிப்பிட்டு, அவர் கேட்டிருந்த 2,000 கோடியை முழுவதும் கொடுக்குமாறு உத்தரவிட்டது. அப்பீலில் 2005 ஜனவரியில் வழக்கு ராஜியில் முடிந்தது. வட்டி உட்படச் சுமார் 84 கோடி யென்னே கிடைத்தது. நகாமுரா தமது அதிருப்தியைப் பகிரங்கமாகவே தெரிவித்தார்.

கம்பெனியின் கட்சியையும் நாம் புறக்கணிக்கலாகாது. பத்து முயற்சிகளில் ஒன்பது வீணாகும். அவ்வொன்பதின் நஷ்டத்தை ஊழியன் ஏற்பதில்லை. ஒரு விளக்கு சந்தைக்கு வருவதற்குள் பலருடைய உழைப்பு அதில் சேர்ந்துவிடும். முதலீட்டுக்கு லாபமில்லையெனில் அடுத்த ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவர்? இவையெல்லாம் நியாயமான வாதங்களே. ஆனால் இவை பங்கின் அளவைக் குறைக்கும் வாதங்களேயன்றிப் பங்கே இல்லையென்று ஆக்கும் வாதங்கள் ஆகமாட்டா. 20,000 யென்னுக்கும் 2,000 கோடி யென்னுக்கும் இடையில் நியாயம் எங்கோ இருக்கிறது. அதை முன்கூட்டியே வரையறுப்பது சட்டத்தின் கடமை. ஜெர்மனி 1957லேயே இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. பிரிட்டனில் 1977ம் வருஷத்துப் பேடெண்டுச் சட்டத்தின் கீழ், யூனிலீவர் கம்பெனியின் பழைய ஊழியர் ஒருவருக்கு 20 லட்சம் பவுன் உண்டென்று அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் 2019ல் தீர்ப்பளித்தது. அகாஸாகியின் பேடெண்டுகளால் நகோயா ஸர்வகலாசாலை பெற்ற வருமானத்தைக் கொண்டு அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி மண்டபம் 2006ல் எழுந்தது. அறிவின் பலன் அறிவுக்கே திரும்பும் வழியும் உண்டென்பதற்கு அது சாட்சி.

நமது நாட்டு நிலை என்ன? 1970ம் வருஷத்துப் பேடெண்டுச் சட்டம், கண்டவன் தன் பெயரைச் சாசனத்தில் குறிக்கும்படி கேட்பதற்கு உரிமை அளிக்கிறது. ஊழியனுக்குப் பலனில் பங்கு உண்டா என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சில ஸர்க்கார் ஆராய்ச்சி நிலையங்களும் கல்லூரிகளும் தத்தம் விதிகளின்படி பங்கு கொடுப்பதுண்டு. தனியார் கம்பெனியில் உழைப்பவனுக்கோ, வேலைக்குச் சேரும் நாளில் அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தமே வேதம். வேலை தேடி நிற்கும் வாலிபன் அந்த ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தை மாற்றச் சொல்லமுடியும்?

ஜகதீச சந்திர வஸு பணத்தை விரும்பினாரா என்று சிலர் கேட்கலாம். கலீனா என்னும் ஈயக் கல்லைக் கொண்டு அவர் அமைத்த உணர்கருவிக்கு 1901ல் மனுச் செய்து, 1904ல் அமெரிக்கப் பேடெண்டு பெறப்பட்டது. குறைகடத்திக் கருவிகளின் சரித்திரத்தில் அது முன்வரிசையில் நிற்பது. நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிய அவர், அதைக் கொண்டு பொருள் ஈட்ட முற்படவில்லை. அப்பெருந்தன்மையை வணங்குவோம். ஆனால் தன் கையில் உள்ளதை விட்டுக்கொடுப்பதே தியாகம். உரிமையே இல்லாதவனிடம் தியாகத்தை எதிர்பார்ப்பதும், அவன் உழைப்பின் பலனை வேறொருவர் அனுபவித்துக்கொண்டே வஸுவின் பெயரைச் சொல்வதும் நேர்மையாகா.

ஆகவே, தனியார் தொழிலில் கண்டுபிடிப்பவனுக்கு நியாயமான பங்கு உண்டென்றும், ஒப்பந்தத்தால் அதை அழிக்கமுடியாதென்றும், தகராறு நேர்ந்தால் பல வருஷம் நியாயஸ்தலப் படிகளில் ஏறி இறங்காமல் தீர்ப்பதற்கு மத்தியஸ்த சபை ஒன்று வேண்டுமென்றும் பார்லிமெண்டு சட்டம் செய்யவேண்டும். பொதுப்பணத்தில் உதவி பெறும் கம்பெனிகளுக்கு இதை முதல் நிபந்தனையாகவே விதிக்கலாம். நகாமுராவைப் போன்றவர்கள் இந்நாட்டில் தோன்றமாட்டார்கள் என்று நாம் எண்ணவில்லை. தோன்றியபின் அவர்கள் கப்பலேறாமல் இருக்கவேண்டுமாயின், அவர்கள் தோன்றுவதற்கு முன்னரே சட்டம் தோன்றவேண்டும்.