வேகமாகச் சார்ஜ் செய்தால் மின்கலம் கெட்டுப்போகுமா?



எஸ்.பி.எம். கூடுதல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா பேட்டரி சீக்கிரம் வீணாப்போயிடும்னு அப்பா வேணாங்கிறாரு. நான் பழைய சார்ஜர்லதான் போடுறேன். ராத்திரி முழுக்க தலையணைக்குக் கீழ வச்சிடுவேன். சரிதானே?"

அப்பாவின் கவலையில் தவறில்லை. மகளின் பாடக் குறிப்புகள், பழைய தேர்வுத் தாள்கள், புலனக் குழு எல்லாம் அந்த ஒரு திறன்பேசியில்தான். கெட்டுப்போனால் உடனே வேறு வாங்க வசதியில்லை. ஆனால், அவர் பயந்தது ஒன்றுக்கு. மின்கலத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது வேறொன்று.

முதலில் கணக்கு. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். படிவம் 5 இயற்பியலில் வருவதுதான். 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய சார்ஜரின் திறன் 5 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். பெட்டியில் 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் ஏறக்குறைய 3.85 வோல்ட். ஆக, அதில் அடங்கும் ஆற்றல் 5 × 3.85 = 19.25 வாட்-மணி. 67 வாட் சார்ஜரில் போட்டால் 17 நிமிடத்தில் நிறைய வேண்டும். போட்டுப் பாருங்கள், நிறையாது.

ஏன்? தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி காலியாக இருக்கும்போது ஓடிப்போய் உட்காரலாம். கூட்டம் நிறைந்த பிறகு ஒவ்வொருவராக இடம் தேடி நுழைய வேண்டும். மின்கலத்தில் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்வதும் இப்படித்தான். இடம் குறைந்த நேரத்தில் அவசரமாகத் தள்ளினால், உள்ளே போக முடியாத அயனிகள் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது. கொள்ளளவு குறைந்தது குறைந்ததுதான். அதனால்தான் மின்கலம் நிறைய நிறைய, திறன்பேசி மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்குவதும் திறன்பேசிதான். 18 வாட் மட்டுமே ஏற்கும் கருவியில் தரமான 67 வாட் சார்ஜரைச் செருகினாலும் அது 18 வாட்டுக்கு மேல் எடுக்காது.

அதற்காக வேகத்தால் பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மின்னோட்டம் இரு மடங்கானால், அதே மின்தடையில் ஒவ்வொரு விநாடியும் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. அந்த வெப்பம்தான் உண்மையான எதிரி. மின்கலத்துக்குள் இருக்கும் மின்பகுளி கிராஃபைட்டின் மேற்பரப்பில் வினைபுரிந்து மெல்லிய படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் தடிக்கத் தடிக்க, பயன்பட வேண்டிய லித்தியம் அதிலேயே சிக்கிக்கொள்ளும். சூடாக இருந்தால் இது வேகமாக நடக்கும். 100 விழுக்காட்டில் நெடுநேரம் கிடந்தாலும் அப்படியே. தலையணைக்கு அடியில் இரவு முழுக்க வைத்தால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன! சார்ஜர் மெதுவானதாக இருந்து என்ன பயன்? ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நம் ஊரில் மத்தியான வெயிலில் நிற்கும் காருக்குள் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: வேக சார்ஜர் போடலாம், தரமானதாக இருக்கட்டும். மேசைமேல், காற்றுப்படும் இடத்தில் வை. உறையைக் கழற்றிவிடு. சார்ஜ் ஏறும்போது காணொலி பார்க்காதே. 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதை முடுக்கிவிடு. பரீட்சை நாளில் மட்டும் 100 வரைக்கும் போட்டுக்கோ.

சிலர் இன்னும், "முழுசா இறங்கினப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்கிறார்கள். அது நிக்கல்-காட்மியம் மின்கலக் காலத்துப் பேச்சு. லித்தியம் மின்கலத்தை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதுதான் கெடுதல். இன்று 50, நாளை 50 விழுக்காடு செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சுழற்சியாகத்தான் கணக்கில் வரும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பின்மூடி மேலெழும்பியிருந்தாலோ திரை தூக்கிக்கொண்டிருந்தாலோ மின்கலம் உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அணைத்துவிட்டுப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலும் மின்கலத்தை மட்டும் மாற்றினாலே போதும், புதுத் திறன்பேசி தேவைப்படாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி: 18 வாட் திறனை 5 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் எவ்வளவு, 9 வோல்ட்டில் எவ்வளவு? ஒரே கம்பியில் வீணாகும் வெப்பம் எத்தனை மடங்கு வேறுபடும்? (விடை: 3.6 ஆம்பியர், 2 ஆம்பியர், 3.24 மடங்கு.) தெனாகா நேஷனல் 275 கிலோவோல்ட்டில் மின்சாரம் அனுப்புவது ஏன் என்பதையும் இதோடு சேர்த்தே கேட்கலாம்.