உழவு இயந்திரங்கள் நிறம் பெற்ற வரலாறு

உழவுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அவர் காலத்தில் ஏரும் எருதும் உழவனுக்குத் துணை நின்றன. நம் பெற்றோர் காலத்திலே அந்த இடத்தை உழவு இயந்திரம் பெற்றுக்கொண்டது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் வயல்களை அறிந்த பெரியோர் ஒருவரிடம், உழவு இயந்திரம் என்ன நிறம் என்று மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் "சிவப்பு" என்றே விடை வரும். "மசி பேர்குசன்" என்ற பெயரும் அதனுடன் சேர்ந்து வரும்.

அந்தப் பெயரின் முற்பாதி நாம் வாழும் இந்த ரொறன்ரோ நகரில் வளர்ந்தது. அந்தச் சிவப்பு எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, தொழிற்சாலையில் எவ்வாறு பூசப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கிங் வீதித் தொழிற்சாலை

டானியல் மசி என்பவர் 1847ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்தின் நியூகாசில் பகுதியில் உழவுக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மகன் ஹார்ட் மசி 1879இல் தொழிலை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார். கிங் வீதி மேற்கில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1891இல் பிரான்ட்போர்ட் நகரின் ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்து அது மசி ஹரிஸ் ஆயிற்று. இந்நகரின் புகழ்பெற்ற இசையரங்கமான மசி மண்டபம் 1894இல் திறக்கப்பட்டது. அதுவும் அக்குடும்பத்தின் கொடையே.

ரொறன்ரோவில் அறுவடைப் பொறிகளும் பிற கருவிகளும் செய்யப்பட்டன. மசி ஹரிஸ் உழவு இயந்திரங்களிற் பெரும்பாலானவை அமெரிக்காவின் ரேசின் நகரில் இருந்த அதே நிறுவனத்தின் தொழிற்சாலையிலேயே உருவாயின. 1938இல் வெளிவந்த 101 என்னும் மாதிரி சிவப்பு உடலும் வைக்கோல் மஞ்சள் நிறச் சக்கரங்களும் கொண்டு விளங்கியது.

வர்ணம் எதற்காக?

வர்ணம் அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று. இரும்பு, காற்றிலுள்ள ஒட்சிசனோடும் ஈரத்தோடும் சேரும்போது துருப்பிடிக்கிறது. சேறு, மழை, உரம், எண்ணெய் ஆகியவற்றின் நடுவே நாள்தோறும் உழைக்கும் இயந்திரத்துக்கு இது பெரும்பகை. ஈரமும் காற்றும் இரும்பைத் தீண்டாதவாறு தடுக்கும் தோலே வர்ணப்பூச்சு. அந்தத் தோல் ஓரிடத்திற் கிழிந்தாலும் துரு உட்புகுந்து, பூச்சின் அடியிலேயே பரவத் தொடங்கும்.

பூசிய முறை

ஆரம்ப காலத்தில் கருவிகளுக்குத் தூரிகையால் வர்ணம் பூசினர். சிறு பாகங்களை வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி எடுத்தனர். காற்றழுத்தத்தால் வர்ணத்தைப் புகைபோல் தெளிக்கும் துப்பாக்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரவியபின் வேலை மிக விரைவாயிற்று. அக்காலத்துப் பெரிய தொழிற்சாலைகளில் வேலை பொதுவாகப் பின்வரும் ஒழுங்கில் நடைபெற்றது.

முதலாவது, துப்புரவு. இயந்திரத்தின் உடலும் பற்சக்கரப் பெட்டியும் வார்ப்பிரும்பால் ஆனவை. மணல் அச்சில் வார்க்கப்படுவதால் அவற்றின்மேல் மணலும் கசடும் ஒட்டியிருக்கும். சிறு உருக்குக் குண்டுகளையோ மணலையோ வேகமாக வீசி அவற்றை அகற்றினர். எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பிடிக்காது. ஆகவே காரக் கரைசலாற் கழுவி உலர்த்தினர்.

இரண்டாவது, அடிப்பூச்சு. இரும்பைப் பற்றிக்கொள்வதற்கும் மேற்பூச்சைத் தாங்குவதற்கும் உரிய பூச்சு இது. சில தொழிற்சாலைகளில் பற்சக்கரப் பெட்டியின் உட்புறத்துக்கும் வர்ணம் பூசினர். எஞ்சிய மணற்துகள் உதிர்ந்து எண்ணெயிற் கலவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

மூன்றாவது, மேற்பூச்சு. இயந்திர உடலை முழுமையாகப் பொருத்தியபின், அது மெல்ல நகரும் தொடரிலேயே வர்ணக் கூடத்துக்குள் நுழையும். இருபுறமும் நின்ற தொழிலாளர் துப்பாக்கியால் எனாமல் வர்ணத்தைத் தெளித்தனர். காற்றாடிகளும் நீர்த்திரையும் சிதறிய வர்ணத்தை இழுத்துக்கொண்டன. இயந்திரத்தின் முன்மூடி, மட்காட் போன்ற தகட்டுப் பாகங்களைத் தனியே பூசி, சூடான அடுப்பறையில் உலர்த்திப் பின்னர் பொருத்தினர். இறுதியிற் பெயர்ச் சின்னங்கள் ஒட்டப்பட்டன.

தொடர் நிற்காது ஓடியதால் தொழிலாளருக்குக் கிடைத்த நேரம் குறைவு. ஆகவே பொருத்தப்பட்ட திருகாணிகள், குழாய்கள், மின்கம்பிகள் என்பவற்றின்மீதும் ஒரே வர்ணம் படிந்தது. அடிப்பாகத்தில் மெலிந்தும் சில இடங்களில் வழிந்தும் காணப்பட்டது. இன்று பழைய இயந்திரங்களைக் கண்ணாடிபோல் மினுக்கி வைப்பவர்கள் உண்டு. ஆனால் அவை தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அவ்வளவு மினுக்கம் பெற்றிருக்கவில்லை. அவை வயலுக்குப் போகும் கருவிகள். கண்காட்சிக்குப் போகும் பொருள்கள் அல்ல.

நிறமே முகவரி

தூரத்து வயலில் நிற்கும் இயந்திரத்தின் பெயரை வாசிக்க முடியாது, நிறத்தைக் காணலாம். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென நிறம் கொண்டது. ஜோன் டியர் பச்சையும் மஞ்சளும் கொண்டது. இன்டர்நாஷனல் நிறுவனத்தின் பார்மோல் இயந்திரங்கள் 1936இல் சாம்பல் நிறத்தைக் கைவிட்டுச் சிவப்புக்கு மாறின. போர்ட்சன் இயந்திரங்களோ சாம்பல், நீலம், செம்மஞ்சள், பச்சை எனப் பலமுறை நிறம் மாறின.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் 1933இல் செய்த முதல் மாதிரி கறுப்பு நிறமானது. பின்னர் அவர் சாம்பல் நிறத்தையே பற்றிநின்றார். இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உருவாகிய அவருடைய சிறிய சாம்பல் நிற இயந்திரங்கள் 5 இலட்சத்துக்கும் அதிகமானவை.

1953இல் மசி ஹரிஸ் நிறுவனமும் பேர்குசன் நிறுவனமும் இணைந்தன. ஆயினும் விற்பனையாளர்கள் சில காலம் இரு பிரிவினராகவே இருந்தனர். அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காக, அடிப்படையில் ஒரே இயந்திரமான ஒன்றை மசி ஹரிஸ் 50 என்றும் பேர்குசன் 40 என்றும் வேறு வேறு தகடுகளும் நிறங்களும் கொடுத்து விற்றனர்! வீண்செலவு தந்த இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. சாம்பலும் பொன்னிறமும் கொண்டு 1956இல் வந்த பேர்குசன் 35, அடுத்த ஆண்டின் இறுதியில் மசி பேர்குசன் 35 ஆகியபோது புதுக்கோலம் பூண்டது. முன்மூடியும் மட்காட்டும் மசியின் சிவப்பு. இயந்திர உடல் பேர்குசனின் சாம்பல். இரு குடும்பங்களின் நிறங்களும் ஒரே மேனியில் இணைந்தன.

அந்தக் கோலத்திலேயே 35, 135 ஆகிய மாதிரிகள் இலங்கை வயல்களுக்கும் வந்து சேர்ந்தன. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் மசி பேர்குசனின் கூட்டுறவோடு தமிழ்நாட்டிலேயே இவ்வியந்திரங்களை உருவாக்கியது. உழவுக்கும் சூடடிப்புக்கும் மட்டுமன்றி நெல் ஏற்றவும், திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றவும் அவை பயன்பட்டன. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் எஞ்சிய உடைமைகள் உழவு இயந்திரப் பெட்டிகளிலேயே சென்றன.

முதற்பூச்சின் பெறுமதி

கடும் வெயிலிற் சிவப்பு வர்ணம் வெளிறி, தூள்போல் உதிரும். எனவே நம் ஊர்களில் ஓடிய இயந்திரங்கள் பலமுறை மறுபூச்சுப் பெற்றன. அவற்றின் முதல் நிறத்தை அறிய விரும்புவோர் இலக்கத் தகட்டின் பின்புறத்திலும், மின்கலப் பெட்டியின் அடியிலும், வெயில் படாத பிற மூலைகளிலும் தேடுவர். அங்கே எஞ்சிய ஒரு விரலளவு வர்ணம், எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்பதை உணர்த்தக் கூடும். சுரண்டி எறிந்துவிட்டால் அந்தச் சான்று மீளாது. புதிய வர்ணத்தை எத்தனை முறையும் பூசலாம்; முதற்பூச்சு ஒரு முறைதான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அவற்றை உலர்ந்த நிலையிற் தேய்க்கும்போது எழும் தூள் உடலுக்கு, சிறப்பாகச் சிறுவருக்கு, மிகுந்த தீங்கு தருவது. அறிந்தவர் துணையின்றி அத்தகைய வேலையில் இறங்குதல் கூடாது.

கிங் வீதித் தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த அந்நிலத்தில் இன்று குடியிருப்புகள் நிற்கின்றன. பழைய அலுவலகக் கட்டடம் மட்டும் 915ஆம் இலக்கத்தில் எஞ்சியுள்ளது, அதுவும் குடியிருப்பாகிவிட்டது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைக் காட்டலாம். இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோச் சிற்றூர்களில் நடைபெறும் விவசாயச் சந்தைகளில் பழைய இயந்திரங்களையும் காணலாம்.

மாணவர்களே! உங்கள் பாட்டனாரோ மாமாவோ ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியிருக்கக் கூடும். அது எந்த மாதிரி, என்ன நிறம், எந்தக் குளத்து வயலை உழுதது, பின்னர் என்னவாயிற்று என்று கேளுங்கள். அந்த விடைகளை அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். கேட்டவற்றைத் தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.