கழுத்தில் தொங்கட்டும் ஒரு விசில்

2022 பிப்ரவரியில், பாலக்காடு மாவட்டம் மலம்புழாவை ஒட்டிய குறும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர் கால் வழுக்கிப் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். கையிலிருந்த செல்போன்தான் அவருக்குக் கைகொடுத்தது. தான் சிக்கியிருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பினார். இடம் தெரிந்த பிறகும், ராணுவ வீரர்கள் கயிறு கட்டி அவரை மேலே கொண்டுவர 40 மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

அவர் இருந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பள்ளத்தாக்குகளில் அது கிடைக்காது. கூடாரம், ஷூ, ஜாக்கெட் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், ஆபத்தில் தங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

முதலில் வாங்க வேண்டியது விசில். உதவி கேட்டுக் கத்துகிறவருக்குச் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். விசிலை மணிக்கணக்கில் ஊதலாம். மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கக்கூடிய கூர்மையான சுருதியில் அது ஒலிப்பதால், அதே மூச்சில் குரலைவிட வெகுதூரம் போகும். வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள். உள்ளே குண்டு உருண்டால் வேண்டாம். மழையிலோ எச்சிலிலோ நனைந்தால் அந்தக் குண்டு ஒட்டிக்கொள்ளும். குண்டில்லாத பிளாஸ்டிக் விசில், நீரில் முக்கி எடுத்து உதறினாலும் ஊதும். மூன்று முறை ஊதிச் சற்று நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது உலகெங்கும் பலர் அறிந்த ஆபத்துக் குறி. விசில் பைக்குள் இருந்தால் பயனில்லை. விழும்போது பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போய்விடலாம்.

வெளிநாட்டுக் கையேடுகள் கண்ணாடியைப் பெரிதாகப் புகழ்கின்றன. வெயிலில் சிறு கண்ணாடியின் மினுக்கல் பல கிலோமீட்டர் தூரம் தெரியும் என்பது உண்மைதான். மொட்டைப் பாறையிலும் புல்வெளியிலும் அது அருமையான கருவி. சூரியனே எட்டிப் பார்க்காத சோலைக்காட்டிலோ, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனியிலோ அதனால் பலனில்லை. அங்கே ஒலிதான் துணை. ஹெலிகாப்டரில் வருபவர்கள் கண்ணில் பட, பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியும் ஆரஞ்சுத் துணி ஒன்று போதும். இரவுக்கு, விட்டு விட்டு எரியும் வசதியுள்ள ஹெட்லைட் நல்லது. நெற்றியில் மாட்டிக்கொள்வதால் இரண்டு கைகளும் சும்மா இருக்கும்.

தீ மூட்டிப் புகை எழுப்பும் யோசனை நம் மலைகளுக்குக் கூடவே கூடாது. கோடையில் காய்ந்து நிற்கும் புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலை காட்டியது. அந்தக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும் காட்டில் நெருப்பு வைக்காதீர்கள்.

செல்போனை நம்புவதில் தவறில்லை, அதன் பேட்டரியைக் காப்பாற்றத் தெரிந்தால். நடக்கும்போது ஏர்பிளேன் மோடில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் தேடித் தேடியே பாதி சார்ஜ் தீர்ந்துவிடும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். பேச முடியாத பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி நழுவிப் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில்கூட 112ஐ அழைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அந்த அழைப்பு போக வாய்ப்புண்டு.

செல்போனே எட்டாத இடத்துக்கென்று செயற்கைக்கோள் கருவிகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குறி அனுப்பும் சிறு பீக்கன் அவற்றில் ஒரு வகை. அந்தக் குறியைப் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பில் இந்தியாவும் உண்டு. நமக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில், இஸ்ரோவிடம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அன்போடு வாங்கித் தரும் செயற்கைக்கோள் போனையோ, செய்தி அனுப்பும் கருவியையோ அப்படியே எடுத்துவராதீர்கள். அரசின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்; விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஆளுக்கொரு விசில் மாட்டிவிட்டு, வீட்டிலேயே ஊதிப் பழக்க வேண்டும். வழி தெரியாமல் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று மூன்றாக ஊதவும், பதில் விசில் கேட்டாலும் அதைத் தேடி ஓடாமல் ஆள் வந்து தொடும்வரை ஊதிக்கொண்டே இருக்கவும் சொல்லிக்கொடுங்கள். மலையில் எதிரொலி திசையைக் குழப்பும். தேடி வருபவர்கள் நின்று கேட்டு, மறுபடி கேட்டுத்தான் இடத்தை நெருங்க முடியும்.