செவ்வாய்ப் பயணமும் சமுதாய ஆயத்தமும்

பாய் விரித்தோடிய காலத்திற் குருநகர்க் கடற்றொழிலாளர் காற்றைப் பார்த்தே கடலிறங்கினர். சோளகம் வீசும் காலத்துக்கு ஒரு வழி, வாடைக்கு வேறொரு வழி. இயந்திரப் படகு வந்த பின்னர் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஆயினும் மனிதன் இனிச் செல்லக் கருதும் தொலைதூரத் துறையொன்றுக்கு அந்தப் பழைய விதியே மீண்டும் பொருந்துகின்றது. செவ்வாய்க் கிரகத்துக்குரிய வழி ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறையே திறக்கும். புவி ஞாயிற்றை ஓராண்டிற் சுற்ற, செவ்வாய் 687 நாள்களிற் சுற்றுகின்றது. இரண்டும் பயணத்துக்கேற்ற நிலையில் அமைய அத்துணைக் காலம் வேண்டும். சென்றவர் நினைத்தவுடன் மீளவும் இயலாது. போவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம். மீளும் வழி திறக்கும்வரை அங்கே ஓராண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு. திரும்பிவர மறுபடியும் அத்தனை மாதம். ஆக, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் பயணத்துக்கு இரண்டரை முதல் மூன்று ஆண்டு செல்லும்.

மனிதரை ஏற்றாத கலங்கள் பல இவ்வழியைக் கடந்துள்ளன. அவற்றுள் தமிழர் நன்கறிந்தது இந்தியாவின் மங்கள்யான். திருநெல்வேலி மாவட்டத்திற் பிறந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 2013 நவம்பர் 5 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. ஏவிய றொக்கெற்றுக்கு அதனை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு இல்லை. ஆதலின் கலம் சில வாரங்கள் புவியையே சுற்றி, தன் ஒழுக்கைப் படிப்படியாக நீட்டி, டிசம்பர் 1 இற் புவியை விட்டகன்றது. ஏறத்தாழ 300 நாள் உறங்கிக் கிடந்த அதன் முதன்மை இயந்திரம் 2014 செப்டெம்பர் 24 இல் எரிந்து, செவ்வாயின் ஒழுக்கிற் கலத்தை நிறுத்தியது. அன்று வானொலிச் செய்தியொன்று அங்கிருந்து புவியை வந்தடைய ஏறக்குறைய 12 நிமிடம் சென்றது. பெங்களூரிலிருந்து அவ்வப்போது கட்டளையிட்டுக் கலத்தைச் செலுத்துதல் எவ்வாறு கூடும்? வேண்டிய கட்டளைகள் யாவும் முன்னரே கலத்தின் நினைவகத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தன. ஆறு மாத ஆயுளுக்கெனச் செய்யப்பட்ட அக்கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது. செலவு ஏறக்குறைய 450 கோடி இந்திய ரூபா.

இயந்திரத்தை 300 நாள் உறங்க வைக்கலாம். மனிதனுக்கோ நாள்தோறும் மூச்சும் உணவும் வேண்டும். செவ்வாயின் வளியமுக்கம் புவியினதில் நூற்றிலொரு பங்கினும் குறைவு. அவ்வளியிலும் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலிருந்த மொக்சி என்னும் கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயக்கப்பட்டு, அவ்வாயுவிலிருந்து 122 கிராம் ஒட்சிசனைப் பிரித்தெடுத்தது. ஒருவனுக்கு நாளொன்றுக்கு 800 கிராமுக்கு மேல் வேண்டும். பிரித்தது முழுவதும் ஒருவன் நாலு மணி நேரம் மூச்சுவிடவும் போதாது. எனினும் வேற்றுக் கிரகமொன்றின் வளியிலிருந்து ஒட்சிசனை எடுத்தல் கூடும் என்பது அதனால் நிறுவப்பட்டது. கருவியைப் பெரிதாக்குதல் பொறியியலாளர் கடன். அது காலத்தால் முடியும்.

மனத்தை ஆயத்தஞ் செய்தலே அதனினும் அரிது. செவ்வாய் மிகத் தொலைவில் நிற்குங்கால் ஒருவழிச் செய்திக்கே 22 நிமிடம் செல்லும். நெஞ்சு நோகின்றது என்று சொல்பவனுக்கு வைத்தியரின் மறுமொழி முக்கால் மணி நேரத்தின் பின்னரே கிட்டும். இத்தனிமையைப் பயிலுதற்கென 2010 – 2011 இல் மொஸ்கோவில் அறுவர் 520 நாள் அடைபட்டிருந்தனர். ஹூஸ்ரனில் நால்வர் 2023 – 2024 இல் 378 நாள் இருந்தனர். குளிரும் உப்பு நிலமும் குன்றிய வளியமுக்கமும் கொண்ட லடாக்கின் சோ கார்ப் பள்ளத்தாக்கில், 2025 ஓகஸ்டில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஆதரவோடு இத்தகைய சோதனையொன்று நடந்தது. ஆங்கு அது பத்து நாள் மட்டுமே. தொடக்கம் என்று கொள்ளலாம்.

செல்பவரை இவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றனர். செல்லாதவர் நிலை யாது? விண்வெளி ஆராய்ச்சி மனிதகுலம் முழுவதற்கும் உரியது எனவும், எந்நாடும் வான்கோளொன்றைத் தனதெனக் கொள்ளலாகாது எனவும் 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை கூறும். ஆனால் ஏவுதளம் வானில் அமைவதில்லை. யாரோ சிலருடைய கரையிலேயே அமைகின்றது.

திருவனந்தபுரத்துக்கு அணித்தாயுள்ள தும்பா ஒரு மீனவர் ஊர். புவியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்லுதலின், இந்தியாவின் முதல் ஏவுதளத்துக்கு அவ்விடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயின் அங்கே புனித மரிய மதலேனாள் ஆலயம் நின்றது. குருநகருக்குப் புனித யாகப்பர் ஆலயம் எத்தகையதோ தும்பாவுக்கு அஃது அத்தகையது. விக்கிரம் சாராபாய் ஆயர் பீற்றர் பேர்ணாட் பெரேராவை நாடினார். ஆயர் தாமே முடிவு கூறாது, ஞாயிறு வழிபாட்டிற் சபையோரிடம் அதனை எடுத்துக்கூறி அவர்தம் இசைவைப் பெற்றார் என அப்துல் கலாம் நினைவுகூர்ந்துள்ளார். மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். அவர்களுக்குப் புதிய ஆலயம் எழுந்தது. பழைய ஆலயம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 இல் முதல் றொக்கெற் அக்கரையிலிருந்து எழுந்தது. மங்கள்யானின் வரலாற்றைத் தும்பாவிலிருந்தே தொடங்கவேண்டும். பலரும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தொடங்குவது குறையே.

இன்று தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்றிசை நோக்கி ஏவப்படும் றொக்கெற் இலங்கைக்கு மேலாகச் செல்லாதபடி வளைந்து செல்லவேண்டும். அவ்வளைவில் எரிபொருள் வீணாகும். அதனைத் தவிர்ப்பதே புதிய தளத்தின் நோக்கம். அதுவும் மீனவர் கரையே. ஏவும் நாளில் ஆபத்து வலயத்துட் படகுகள் செல்லலாகாது என்பதைப் பழவேற்காட்டு மீனவர் நெடுங்காலமாக அறிவர். கடலிறங்கத் தடை என்றால் அடுப்பில் என்ன நிகழும் என்பதைப் போர்க்காலக் குருநகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

குலசேகரன்பட்டினத்துச் சிறிய றொக்கெற்றுகள் செவ்வாய்க்குச் செல்வன அல்ல. ஆயினும் அவை எழும் நாள்களிற் கரையில் நிற்கும் படகுகளின் வருவாயையும் எரிபொருட் செலவோடு சேர்த்தெழுதும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம்.